சகோதரிகளின் வீட்டை நான் விசாரித்த கதை

அந்த விளக்கு வட்டமாக இருக்கும். நடுவில் கைத்தொலைபேசியைச் செருக ஒரு பிடி, கீழே மூன்று கால். சிட்னியில் பென்டில் ஹில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிற என்னுடைய அலுவலகத்தில், கார் பழக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வீதிச் சட்டப் புத்தகங்களை அடுக்கி, அதற்கு மேல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு என் பெறாமகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம், நல்ல வெயில். மாணவி ஒருத்தியை வீட்டில் இறக்கிவிட்டு வந்த நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். சிரித்தாள், பெயரைச் சொன்னாள், தலையைச் சாய்த்தாள், நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். அச்சுப் பிசகாமல் அதே சிரிப்பு. யாரோ பெடியனோடு கதைக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெடியனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு யோசனை வந்திருக்காது. ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரிக்கிற ஆட்களை நான் நம்புவதில்லை.

“ஆரோட கதைக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

“கமராவோட, பெரியம்மா.”

“கமரா என்ன சொல்லுது?”

“இன்னும் கொஞ்சம் நல்லாச் சிரிக்கட்டாம்.”

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் சந்தேகம் எந்தத் தரத்துச் சந்தேகம் என்று உங்களுக்கு விளங்காது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விட்டவள் என்ன, பள்ளிக்கூடமும் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, பிறகு எங்கே போனதென்று தெரியாமல் போய்விட்டது. சிட்னிக்கு வந்தபோது என் பெயரையும் விலாசத்தையும் மட்டும் இங்கிலீசில் எழுதுவேன். வீதிச் சட்டப் புத்தகத்தை வைத்துத்தான் அந்தப் பாஷையைப் படித்தேன். அதனால் இன்றைக்கும் ‘வழி விடு’, ‘நிறுத்து’, ‘இங்கே திரும்பாதே’ என்பவைதான் என் வாயில் திருத்தமாக வரும். அந்த இங்கிலீசோடு கார் பழக்குகிறதுக்கு லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றில் தொழிலைத் தொடங்கினேன். இன்றைக்குப் பென்டில் ஹில்லில் இருந்து குவேக்கர்ஸ் ஹில் வரைக்கும் என்னுடைய பெயர்ப் பலகை வைத்த கார் ஓடாத தெரு இல்லை. எஞ்சினியர்மார், டொக்டர்மார், கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாரும் எனக்குப் பக்கத்தில் இருந்து வியர்த்திருக்கிறார்கள். பழக்குகிறவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எத்தனை குடும்பங்கள் அந்தக் காலால் தப்பின என்பது எனக்குத்தான் தெரியும். கண்ணாடியை நம்பாதே, தலையைத் திருப்பிப் பார் என்பதுதான் என்னுடைய முதல் பாடம். தெருவில் மட்டுமில்லை, எல்லா இடத்திலும் நான் அப்படித்தான்.

பெறாமகள் என்றால் என் தங்கையின் மகள். தங்கை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. தங்கையின் கணவர் மெல்பன் பக்கம் போய்விட்டார். வேலைக்காகப் போனார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். போன இடத்தில், கிரெய்கிபர்னில், வேறு ஒரு பெண்ணோடு வீடெடுத்து இருந்துவிட்டார். அப்போது பிள்ளை ஏழாம் வகுப்பு. அதன்பிறகு அவள் சாப்பிட்டதும் படித்ததும் பாதிக்கு மேல் என்னுடைய குசினி மேசையில்தான். கெட்டிக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடிய, அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் படிப்புச் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லி அவளை எடுத்தது. அங்கே வகுப்புத் தொடங்குவது ஆவணியில். அதுவரைக்கும் படுக்கையில் கிடந்து போனைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று அவளை என் அலுவலகத்து மேசையில் இருத்தினேன். அவளுக்கும் எனக்கும் அது நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேசைக்கு ஒரு நாள் வந்தவள்தான் அமெரிக்காக்காரி. புருஷனின் வேலையோடு சிட்னிக்கு வந்தவள், இடது பக்கம் ஓடிப் பழக வேண்டும் என்று என்னிடம் வந்தாள். வலது பக்கம் திரும்பச் சொன்னால் திரும்பி, எதிரே வருகிற வாகனங்களின் பாதையில் நேராகப் போய் நிற்பாள். நான் பிரேக்கை மிதிப்பேன். அவள் சிரிப்பாள். மன்னிப்புக் கேட்பாள். பிறகு, உங்களுடைய தோடு எவ்வளவு வடிவாக இருக்கிறது என்பாள். உயிர் போகிற இடத்தில் தோட்டைப் பற்றிக் கதைக்கிற பெண்! தான் படித்த பல்கலைக்கழகத்துக்குத்தான் பெறாமகள் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் அவள் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தன் பாடம் முடிந்தாலும் போகமாட்டாள். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையோடு இருப்பாள்.

விஷயம் மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. சொரோரிட்டி என்று பெயர். ஒவ்வொரு சங்கத்துக்கும் தூண் வைத்த பெரிய வீடு. வாசலில் கிரேக்க எழுத்து. உள்ளே இருப்பவர்கள் ஒருத்தியை ஒருத்தி சகோதரி என்பார்கள். வகுப்புத் தொடங்க முன்னம் ஒரு கிழமை, ஏழு நாளும், புதுப் பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரப் பெண்கள் கதைத்துப் பார்த்துப் பிடித்தவளை அடுத்த நாளும் கூப்பிடுவார்கள், மற்றவளை விட்டுவிடுவார்கள். கடைசி நாள் ஏதாவது ஒரு வீடு எடுக்கும், அல்லது ஒன்றும் எடுக்காது. அந்த ஒரு கிழமைக்கு இங்கே அரை வருஷம் முன்பிருந்தே ஆயத்தம்: படம், சின்ன வீடியோ, அந்த வீட்டில் முன்பு இருந்த ஒருத்தியின் சிபாரிசு, உடுப்பு, நிற்கிற விதம், கதைக்கிற விதம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, எடுத்த பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். சத்தியம் செய்ய வேண்டுமாம். என்ன சத்தியம் என்று வெளியில் சொல்லக்கூடாதாம்.

எங்கள் ஊரிலும் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வந்தார்கள். அவர்களும் நன்றாகச் சிரித்தார்கள், நாங்கள் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டார்கள். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அவர்களோடு போனாள். அவளுடைய தாய் நெடுங்காலம் படலையைப் பூட்டாமல் படுத்தாள். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்; அமெரிக்காவில் அந்தப் பிள்ளைகள் பலூன் கட்டிக் கொண்டாடுகிற படங்களை நானும் பார்த்தேன். ஆனாலும், சொந்தமில்லாதவர்கள் சகோதரி என்று சொல்லிக்கொண்டு வந்தால் என் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தங்கை முடிவை என் தலையில் கட்டினாள். படிக்கப் போகிறது போகட்டும், ஆனால் அந்த வீடு விஷயத்தில் அக்கா ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை என்றாள். எங்கள் குடும்பத்தில் எப்போதும் அப்படித்தான். பிள்ளையும் அதை ஏற்றுக்கொண்டாள். ஒரு நாள் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, “அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது, பெரியம்மா. சாப்பிடப் போறதெண்டாலும் பக்கத்தில ஒரு ஆள் வேணுமெல்லோ” என்றாள். பார்ப்போம் என்றேன்.

பார்த்தேன். மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் அவள் செய்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். வீடியோ எடுக்கும்போது பின்னால் சாய்த்து வைத்திருந்த என் பெயர்ப் பலகையை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். ஏன் என்று கேட்டால், கமராவில் எழுத்து மறுபக்கமாக விழுகிறதாம். விழுந்திருக்கலாம். வெட்கப்பட்டும் எடுத்திருக்கலாம். அது இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியாத வழக்கு. போனில் இருந்த பழைய படங்களை அழித்தாள். அழிக்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று தங்கையும் நானும் ஆளுக்கொரு யோசனை யோசித்தோம். கடைசி நாளுக்கு வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும் என்று அமெரிக்காக்காரி சொல்லியிருந்தாள். “வெள்ளை உடுத்துக்கொண்டு போறதுக்கு அது என்ன செத்த வீடோ?” என்று கேட்டேன். பெறாமகள் அதை அப்படியே இங்கிலீசில் அவளுக்குச் சொல்ல, அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துவிடுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

ஐந்து விஷயங்களைப் பற்றி அந்த வீடுகளில் வாயே திறக்கக்கூடாதாம்: ஆண்பிள்ளைகள், குடி, காசு, கட்சி, கடவுள். இந்த ஐந்தையும் கழித்துவிட்டால் எங்களுடைய ஆட்களுக்குக் கதைக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். கேள்விதான் மிச்சம் என்றாள் பெறாமகள். மற்ற ஆளைப் பற்றிக் கேட்க வேண்டும், அவர் சொல்கிற பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும், நம்மைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்ல வேண்டும். அதை அவள் என் வாடிக்கையாளர்களில் பழகினாள். அதுவரைக்கும் தலை நிமிராமல் பணம் வாங்கிப் போட்ட பெட்டை, இப்போது வருகிற மனிசிமாரிடம் முழங்கால் எப்படி, மகனின் நேர்முகம் என்னவாயிற்று, அந்தச் சேலையை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் முந்தியே வந்து இருந்துகொண்டு கதைக்கிற ஆட்கள் கூடினார்கள். எல்லாரும் அவளை மெச்சினார்கள். நான்தான் மெச்சவில்லை. போன மாதம் இல்லாத அக்கறை இந்த மாதம் எங்கேயிருந்து வந்தது?

ஆட்கள் வராத பின்னேரங்களில் என்னை அந்த அமெரிக்க வீட்டுப் பெண்ணாக எதிரே இருத்தி ஒத்திகை பார்ப்பாள். எனக்கு அந்த வேஷம் வரவில்லை. நான் எங்கள் வீடுகளில் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

“உன்ர அப்பா என்ன செய்யிறார்?”

அவள் கையில் இருந்த விளக்கின் வயரை விரலில் சுற்றினாள். அங்கே அப்படி நேரடியாகக் கேட்கமாட்டார்கள் என்றாள். கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். அப்பா வேறு மாநிலத்தில் வேலை செய்கிறார் என்று நிலத்தைப் பார்த்து இங்கிலீசில் சொன்னாள். கோயிலிலும் கடையிலும் கலியாண வீடுகளிலும் நாங்கள் எல்லாரும் சொல்லி வந்த பதில் அதுதான். நான் அவளைத் திரும்பச் சொல்ல வைத்தேன். நிலத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். பொய் சொல்கிறவனின் கை ஸ்டியரிங்கை இறுக்கும், எனக்குத் தெரியும். கையைத் தளர விடு என்றேன். நான்கைந்து பின்னேரங்களில் அது வெண்ணெய் மாதிரி வந்தது. இவ்வளவு லேசாக வருகிறதே என்று பிறகு அதுவும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

எங்களில் ஒரு கலியாணம் பேசினால் விசாரிப்போம். லண்டனோ கனடாவோ, மாப்பிள்ளை இருக்கிற தெருவில் தெரிந்த ஒரு ஆள் இருப்பார். சும்மா போகிற மாதிரிப் போய்ப் பார்த்து வருவார். குடிப்பாரோ, தாய் சத்தம் போடுவாவோ, வாசலில் யாருடைய கார் நிற்கிறது, இவ்வளவும் தெரியாமல் நாங்கள் நாள் வைப்பதில்லை. அந்த வேலைக்கு இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. கார் பழகுகிறவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், பழகிய பிறகு உலகம் முழுக்கப் போய்விடுவார்கள். எனக்கு ஆள் இல்லாத ஊர் இல்லை. எத்தனையோ சம்பந்தங்களை நான் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். தங்கையின் மாப்பிள்ளையையும் நான்தான் விசாரித்தேன். அப்போது அவர் நல்லவராகத்தான் இருந்தார். அதை இன்றைக்கும் சொல்வேன். அப்படியிருக்க, ஒரு பிள்ளையைச் சத்தியம் வாங்கி எடுக்கப்போகிற வீட்டை விசாரிக்காமல் விடுவேனா?

அந்தப் பல்கலைக்கழக ஊரிலிருந்து கொஞ்சத் தூரத்தில், என்னிடம் கார் பழகிய திருச்சிப் பெண் ஒருத்தி இருந்தாள். கணவனின் வேலையோடு இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவள். சித்திரை மாதம் அவளைக் கூப்பிட்டு அமெரிக்காக்காரி முன்பு இருந்த சங்க வீட்டின் விலாசத்தைக் கொடுத்தேன். பிள்ளைக்குச் சிபாரிசு அந்த வீட்டுக்குத்தான் போயிருந்தது. யார் சமைப்பது, கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவது, பெடியள் வந்து போகிறார்களா, பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் இருக்கிறதா, இவற்றைப் பார்த்து வந்து சொல் என்றேன். சரிக்கா, சனிக்கிழமை போறேன் என்றாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று முறுக்குச் சுட்டுக் கொண்டு போனாள். அந்தக் கிழமையே போன் எடுத்தாள்.

“அக்கா, நீங்க கவலையே படாதீங்க. ரொம்பத் தங்கமான பொண்ணுங்க. உள்ள கூப்பிட்டு சோபாவுல உக்கார வச்சு, ஐஸ் போட்ட டீ குடுத்து, ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தாங்க.”

கதவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

“அதைக் கேக்க நேரம் கெடைக்கலைக்கா.”

“பெடியள் வந்து போறவையோ?”

“தெரியலையேக்கா.”

“அப்ப ஒரு மணித்தியாலம் என்னத்தைக் கதைச்சனீர்?”

“அவங்கதான் கேட்டுட்டே இருந்தாங்க...” என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். முறுக்கு எப்படிச் சுடுவது என்று கேட்டார்களாம், சொன்னாளாம். திருச்சி எப்படி இருக்கும் என்று கேட்டார்களாம், சொன்னாளாம். கார் யாரிடம் பழகினாய் என்று கேட்க என்னைப் பற்றிச் சொன்னாளாம். எட்டாம் வகுப்பு, முதல் கார், இன்றைக்கு ஓடுகிற கார்கள், எல்லாம். பிறகு பெறாமகளைப் பற்றி. “அவங்க அப்பா விட்டுட்டுப் போய் வேற குடும்பம் ஆனப்புறம் பெரியம்மாதான் பொண்ணைப் பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன்க்கா. உங்களைப் பெருமையாத்தான் சொன்னேன்.”

நான் அனுப்பிய ஆளை அவர்கள் விசாரித்து முடித்துவிட்டார்கள். அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கிடைத்தது ஐஸ் போட்ட தேத்தண்ணீர். எங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்தது அடி முதல் நுனி வரை. திறமைக்காரிகள்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு விளங்கிய விஷயம் வேறு. ஆவணியில் இந்தப் பிள்ளை அந்தச் சோபாவில் போய் இருந்து, நான் பழக்கிய மாதிரி முகத்தைப் பார்த்து, கையைத் தளர விட்டு, அப்பா வேறு மாநிலத்தில் வேலை என்று சொல்லப்போகிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். ஒருத்தரையும் தெரியாத ஊரில், சேர்ந்து சாப்பிட ஆள் தேடிப் போகிற பிள்ளை, போன முதல் கிழமையே பொய்க்காரி ஆகிவிடுவாள்.

சில கிழமைகள் அதை அவளிடம் மறைத்தேன். ஒத்திகைக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றேன். கடைசியில், அந்த அப்பா பதிலை விட்டுவிடு, அவ்வளவு நன்றாக இல்லை என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்றாள். சும்மா என்றேன். நான் சும்மா ஒன்றைச் சொல்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கத் தொடங்கினாள். அமெரிக்காக்காரியிடம் நான் என்ன கதைக்கிறேன், போன் வந்தால் ஏன் வெளியே போகிறேன் என்று மேசையிலிருந்தபடியே கவனித்தாள். என் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவளுக்கு அது பழக்கித் தெரிய வேண்டியதில்லை. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காவல் காத்தோம்.

வெள்ளைச் சட்டை வாங்கப் பரமட்டாவுக்குப் போன நாள், காரில் வைத்துச் சொன்னேன். அவள்தான் ஓட்டினாள். முகம் பார்க்காமல் கதைக்க வேண்டியவற்றுக்குக் காரை விட நல்ல இடம் இல்லை. நான் முடித்ததும் அவள் இடது பக்கச் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, தலையைத் திருப்பியும் பார்த்து, ஓரமாக நிறுத்தினாள். அவ்வளவு கோபத்திலும் தலையைத் திருப்பிப் பார்த்தாள் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

“ஆளனுப்பி விசாரிச்சனீங்களோ?”

“ஓம். கலியாணமெண்டால் விசாரிக்க மாட்டமோ?”

“இது கலியாணமில்லை, பெரியம்மா.”

“அதைவிடப் பெரிசு. கலியாணத்தில ஒரு ஆள்தான் வாறது. இதில நூறு பேர் வாறாளவை.”

அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஏழாம் வகுப்பிலயிருந்து அதைச் சொல்லிக்கொண்டு வாறன். வாத்திமாருக்கு, சிநேகிதிமாருக்கு, கோயில்ல அன்ரிமாருக்கு. அவைக்கெல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேக்கினம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாத ஊருக்குப் போறன் எண்டுதான் நான் சந்தோசப்பட்டனான். அங்கை போயும் அதையே சொல்லத்தான் நீங்கள் பழக்கினீங்கள்.”

“அது பொய்யில்லை, பிள்ளை. அவர் மெல்பனில வேலைதானே செய்யிறார்?”

அதற்குத்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் விசாரித்தது பிழை என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பக்கம் திரும்பி, அவர்கள் கேட்டால் இனி என்ன சொல்வாய் என்று கேட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றாள். அப்படியென்றால் போ, ஓம் என்றேன். அந்த வீடுகளில் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அவர்கள் பிடுங்கிக்கொள்ளக்கூடிய ரகசியம் ஒன்று இருந்தது, அது ஏற்கெனவே போய்விட்டது. இனி அவள் எந்தச் சோபாவில் இருந்தால்தான் என்ன? வெள்ளைச் சட்டையை நானே தெரிந்து வாங்கினேன். வடிவாகத்தான் இருந்தது.

ஆவணியில் போனாள். அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் போன் வந்தது. எந்த வீடு கூப்பிட்டது, எந்த வீடு விட்டது என்று சொல்வாள். தங்கை இரவு வேலை முடித்து உடுப்பும் மாற்றாமல் என் குசினியில் வந்து இருந்து கேட்பாள். அமெரிக்காக்காரியின் வீடு கடைசி நாள் வரைக்கும் அவளை விடவில்லை. பெரியம்மாவின் கார்களைப் பற்றிக்கூடக் கேட்டார்களாம். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தேன். கடைசியில் இரண்டு வீடு மிஞ்ச, அவள் மற்ற வீட்டின் பெயரை விருப்பப் பட்டியலில் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீடும் எடுத்தது. அமெரிக்காக்காரிக்குச் சின்ன மனத்தாங்கல். எனக்கு விளங்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“அவை நல்ல ஆக்கள்தான், பெரியம்மா. ஆனா அவைக்கு என்னைப் பிடிச்சதோ, பாவமெண்டு பார்த்தவையோ, எனக்குக் கடைசி வரைக்கும் தெரியேல்லை. மற்ற வீட்டில அப்பாவைப் பற்றி நானாத்தான் சொன்னனான். சொல்லேக்கை அந்தப் பிள்ளையின்ர முகம் எப்பிடி மாறினதெண்டு எனக்குத் தெரியும்.”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பழக்கியிருக்கிறேன், இது நான் பழக்கியது இல்லை என்று சொல்லத்தான் விரும்பினேன். சொல்ல முடியவில்லை. அன்பாக இருக்கிறவர்களையும் இரண்டு தரம் பார்க்கிற கண் அவளுக்கு எங்கேயிருந்து போயிருக்கும்? அதை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அன்று பின்னேரம் முழுக்க ஒன்றும் சாப்பிடத் தோன்றவும் இல்லை.

மார்கழி லீவுக்கு வந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தது, சிரிப்பும் ஒரே அளவாக இல்லாமல் பழையபடி கோணலாகியிருந்தது. வந்த மூன்றாம் நாள், தங்கை பக்கத்தில் இருக்கும்போதே என்னைக் கேட்டாள்: “கிரெய்கிபர்னில உங்களிட்டக் கார் பழகினவை ஆரும் இருக்கினமோ?”

ஒருத்தி இருந்தாள், இரண்டு தெரு தள்ளி. அதை எப்போதோ தெரிந்து வைத்திருந்தேன். ஏன் கேட்கிறாய் என்றேன். போய் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறாளாம். அதற்கு முன்னம் அங்கே நிலைமை எப்படி என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லதாம். தங்கை எழும்பிக் குசினிக்குள் போனாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு இந்தத் துணிச்சல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது; தெரியாத வீடுகளின் சோபாக்களில் ஒரு கிழமை இருந்து எழும்பியவளுக்குத் தகப்பனின் வீட்டு வாசல் பெரிய விஷயமில்லைப் போல. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விசாரிப்புக்கு ஆள் அனுப்ப மறுத்தேன். ஆள் அனுப்பினால் என்ன நடக்கும் என்று பார்த்தாயிற்று. “வேற ஆள் வேண்டாம். நானே கூட்டிக்கொண்டு போறன்” என்றேன்.

சிட்னியிலிருந்து நெடுஞ்சாலையில் போனால் மெல்பனுக்குள் நுழைகிற இடத்திலேயே கிரெய்கிபர்ன் வந்துவிடுகிறது. இத்தனை வருஷமும் அந்த மனிதர் எங்களுக்குக் கிட்டின நுனியில்தான் இருந்திருக்கிறார். மாறி மாறி ஓட்டினோம். ஒரே மாதிரியான புது வீடுகள் உள்ள தெரு, மரங்கள் இன்னும் இடுப்பளவு. பிள்ளை இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். நான் இறங்கவில்லை. எஞ்சினை ஓட விட்டு, கியரைப் போட்டு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு முகச்சுளிப்புத் தெரிந்தாலும் அவளை ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்தது அவர் இல்லை, அந்தப் பெண். எங்கள் வீட்டில் ஒருவரும் பெயர் சொல்லாத பெண். என்னைவிடக் குள்ளம், தலையில் நரை. பிள்ளைதான் முதலில் கதைத்தாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள், ஒரு தரம் வாயைப் பொத்தினாள், விலகி வழி விட்டாள். பிள்ளை உள்ளே போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. நல்ல சகுனமா, கெட்ட சகுனமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் வீட்டுச் செருப்போடு வெயிலில் இறங்கி நடந்து வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினாள். இறக்கினேன்.

“அக்கா, நீங்களும் உள்ளை வாங்கோ. அவர் உங்களுக்கு முன்னால வரப் பயந்துகொண்டு அறைக்குள்ளை நிக்கிறார்.”

அவளுடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நான் எஞ்சினை நிறுத்தினேன்.